மூன்று நாள் மஞ்சள் வெளிச்சம்

எங்கள் அச்சகத்தில் என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸ் என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடி இருக்கும். மிஷினிலிருந்து முதல் தாள் வந்ததும் அதை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் விரித்து, குனிந்து பார்த்து, "ஓட்டு" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் மிஷினை ஓட்டுவேன். அவர் சொல்வதற்கு முன்னால் அவசரப்பட்டு நான் ஓட்டிய ஒரு தடவை ஆயிரத்து இருநூறு தாள் குப்பைக்குப் போனது. அந்தக் கதை இப்போது வேண்டாம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அவர் பிளேட் போடுவார், அதாவது பக்கங்களை அலுமினியத் தகட்டில் பதிப்பார், நான் அதை மிஷினில் மாட்டி அச்சடிப்பேன். பதினாறு வருடமாக இதுதான்.

அவரைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. மனது கேட்காமல் நானே எழுதுகிறேன். அவரை நல்ல மனிதர் என்பதா, மோசமான மனிதர் என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சில நாள் காலையில் ஒன்று தோன்றும், சாயங்காலம் இன்னொன்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் அவரோடு ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருப்பேன்.

பிளேட் அறையைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பிளேட் மேல் பூசியிருக்கும் மருந்துக்குச் சாதாரண வெளிச்சம் ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். அதனால் அங்கே ட்யூப்லைட்டுகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும். உள்ளே நுழைந்ததும் சுவர், மேஜை, உங்கள் கை, பக்கத்தில் நிற்பவன் பல் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பத்து நிமிடம் போனால் மஞ்சள் காணாமல் போய்விடும். அது எங்கேயும் போவதில்லை, கண்தான் அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியும். மஞ்சள் மையில் அடித்த தாளைக் கையில் கொடுத்தால் வெறும் தாள் என்று சத்தியம் செய்வீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படிச் சத்தியம் செய்து, பக்கம் முழுக்க மஞ்சள் பேனாவில் குறித்திருந்த திருத்தங்களைக் கோட்டை விட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த அறைக் கதவில் ஒரு காகிதம் ஏறியது. 'உள்ளே நிறம் பார்க்காதே. வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்.' எழுதி ஒட்டியவர் மாமாதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு முதல் பெண் பிறந்தாள். இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் பின்பக்கப் பகுதி. படுக்கை அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும், பகலிலும் லைட் போட வேண்டும். வெள்ளை ட்யூப்லைட்டில் குழந்தைக்குக் கண் கூசுகிறது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மாமா என் மிஷின் பக்கம் வந்தார்.

"மாப்ள, பழைய மஞ்ச உறை ஒண்ணு மூலையில கெடக்கே, அதை நம்ம வீட்டு ட்யூப் அளவுக்கு வெட்டிக் குடேன்."

"எதுக்கு மாமா, வீட்டுலயும் பிளேட் போடப் போறீங்களா?"

"உன் அக்கா மகளுக்குக் கண்ணு கூசுதாம். மகாராணி."

வெட்டிக் கொடுத்தேன். கத்தியை வைத்து ஒரே இழுப்பு.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராகக் குழந்தையைப் பார்க்கப் போனேன். அறை முழுக்க இதமான வெளிச்சம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் போனபோதும் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் சத்தமே கேட்கவில்லையே என்று பக்கத்து வீட்டம்மா ஆச்சரியப்பட்டாள். "என் பொண்ணு யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டா" என்று மாமா பெருமையடித்துக்கொண்டார். பால் கொடுத்தால் நாலு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று அக்கா சொன்னாள். சமர்த்து என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறந்த ஐந்தாம் நாள் காலை, குளியலறை பல்பு எரியவில்லை என்று அக்கா குழந்தையைக் குளிப்பாட்ட வாசல் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துணியை விலக்கியதும் அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டதாம். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். கண்ணைத் திறந்து பார்த்தால் வெள்ளை விழி இருக்க வேண்டிய இடமும் மஞ்சள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான் டாக்டர். இன்னிக்குக் காலையிலதான் பாத்தோம்" என்றார் மாமா. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆறாம் மாதம் பாத்திரம் கீழே விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் தலைக்கு ஏறிக் காது நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அந்த டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அதோடு போயிருந்தால்கூட ஒரு மாதிரி. அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தாய்ப்பாலை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். என் பால்தான் என் பிள்ளையை மஞ்சளாக்கியது, அதனால்தான் நிறுத்தச் சொன்னார்கள் என்று மனதில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டம்மா அதன் மேல் முத்திரை குத்தினாள். "சில பேரு பாலு பிள்ளைக்கு ஆகாதும்மா. நீ என்ன பண்ணுவே, உன் உடம்பு அப்படி." அக்கா அழவில்லை. தலையை ஆட்டினாளாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அவள் ஒரு சொட்டு தாய்ப்பால் கொடுக்கவில்லை. மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜுரத்தோடு கிடந்து, பாலை வற்ற வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் மாமா ஒரு மாதிரி ஆனார். கிறுக்கு என்று அச்சகத்தில் சிலர் சொன்னார்கள், எனக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றியது. வேறு வீடு பார்த்துக் குடிபோனார். அந்த வீட்டில் சமையலறையிலிருந்து கக்கூஸ் வரை பளீர் வெள்ளை லைட். சாப்பிட உட்கார்ந்தால் ஆபரேஷன் செய்யப் போவது போல இருக்கும். யாராவது எதிரே வந்து நின்றால் பேச்சு பாதியில் நின்றுவிடும். "கண்ணைக் காட்டு" என்பார். இமையைக் கீழே இழுத்து, வாசல் பக்கம் திருப்பி, உற்றுப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். தபால்காரர், காகிதக் கட்டு இறக்க வரும் லாரி டிரைவர், முதலாளியின் மாமியார் என்று ஒருவரையும் விடவில்லை. "லென்ஸ் இருக்கிற ஊர்ல கண் டாக்டர் பட்டினிதான்" என்று கட்டிங் பிரிவில் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு தடவை பள்ளிக்கூட ஆண்டு மலர் ஒன்று அச்சுக்கு வந்தது. பக்கம் பக்கமாகக் குழந்தைகளின் முகங்கள். முதல் தாளை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு மஞ்சளைக் குறை என்றார். குறைத்தேன். இன்னும் என்றார். இன்னும் குறைத்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது நான் பொறுமை இழந்து, "மாமா, பிள்ளைங்க பொணம் மாதிரி நீலமா இருக்கு" என்று கத்திவிட்டேன். அவர் தாளை அப்படியே போட்டுவிட்டுப் பிளேட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததை டீ கொண்டுபோனவர் பார்த்திருக்கிறார்.

இன்னொரு பக்கம், அந்த மனிதரை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. மகளுக்காகச் சைகை மொழியை முதலில் கற்றுக்கொண்டவர் அவர்தான். மைக்கறை படிந்த அந்தத் தடித்த விரல்கள் அவளோடு பேசும்போது அவ்வளவு வேகம். அவளைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, மருந்து, காது மெஷின், பாடம் எல்லாம் அவர். "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

போன வருடம் அக்கா மறுபடி உண்டானாள். அவள் கேட்டு வரவில்லை, வந்தது, அவ்வளவுதான். எட்டு மாதமும் பயந்துகொண்டே இருந்தாள். பையன் பிறந்தான். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி. மூத்தவள் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா பையனை உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். அக்காவையும் மாமாவையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேரோட ரத்த வகை பிள்ளைகிட்ட மோதுது. மூத்ததுக்கும் இதுதான் இருந்திருக்கும். யார் மேலயும் தப்பில்ல. சீக்கிரமா கண்டுபிடிச்சா நீல லைட்டுலயே சரியாயிடும். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுங்க. மஞ்சள் மலத்துலதான் வெளிய போகணும். பால் போனாத்தான் அது போகும்."

அக்கா தலையை ஆட்டினாள். அதே தலையாட்டல்.

நீல லைட்டின் கீழே பையனைப் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குத் துணி கட்டி, இடுப்பில் ஒரு டயப்பர். வார்டில் தலைமை நர்ஸ் ஒருத்தி இருந்தாள். "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காதே" என்று ஓயாமல் ஆட்களை நகர்த்திக்கொண்டே இருப்பாள். நாங்கள் அவளுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தோம். மாமா அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை.

"சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம் லைட்ட அணைங்க. இந்த வெளிச்சத்துல நிறம் தெரியல. வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டுத் தந்துர்றேன்."

"இங்க யாரும் கண்ணால பாக்கறதில்ல சார். ரத்தத்துல பாக்கறோம். தள்ளி நில்லுங்க."

ரத்தத்தில் மஞ்சளின் அளவு முதல் நாள் பதினொன்று. அடுத்த நாள் பதினாலு. மூன்றாம் நாள் காலை பதினேழு. இருபதைத் தொட்டால் ரத்தம் மாற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. லைட் போட்டும் ஏன் ஏறுகிறது என்று அவருக்கே புரியவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை சாயங்காலம் ஆறு மணிக்கு.

புரிந்தது கண்டக்டருக்குத்தான். மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, தாழ்வாரத்தில் மாமாவையும் என்னையும் மடக்கினாள்.

"பிள்ளை எடை எறங்கியிருக்கு. காலையிலேர்ந்து ஒரு டயப்பர்கூட நனையல. பால் குடுத்தேன் குடுத்தேன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க, எழுதிக்கிட்டேன். இப்பத் திரை மறைவுல நின்னு பாத்தேன். பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்க. பால் கட்டி சட்டையெல்லாம் நனையுது, ஒரு சொட்டு குடுக்க மாட்டேங்கறாங்க. பீச்சிக் குடுங்கன்னு கிண்ணத்தைக் குடுத்தா கை கழுவற தொட்டியில ஊத்தியிருக்காங்க. டப்பாப் பால் கரைச்சு ஸ்பூன்ல குடுக்கறாங்க போல, அது அத்தனையும் கக்கி வெச்சிருக்கு. யாரு வாங்கிட்டு வந்து குடுத்தது அந்த டப்பா?"

நான்தான். யாரிடமும் சொல்லாதே தம்பி என்று அக்கா கெஞ்சியதால் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஆறு மணிக்குள்ள இந்தப் பிள்ளை வயித்துல பால் போகணும். நான் சொல்லியாச்சு, டாக்டர் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க புருஷன்தானே, பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "மாப்ள, நீயும் கூட வா. தனியாப் போனா சொல்லாம வந்துருவேன்" என்றார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் ஈரம். மாமா அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பையனுக்குப் பால் குடு."

"மாட்டேன்."

"அவனுக்கு ஏறிட்டே போகுது."

"குடுத்தா இன்னும் ஏறும். ஒரு பிள்ளைக்குக் குடுத்துக் காதைப் புடுங்கியாச்சு. இவனையாவது விட்டுருங்க. டாக்டரம்மா என் மனசு நோகக் கூடாதுன்னு சமாதானம் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஏன் நிறுத்தச் சொன்னாங்களாம்?"

மாமா கையைப் பிசைந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன் பாலால வரல. பெரியவளுக்கு மஞ்சள் எப்ப வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தப்பவே இருந்திருக்கும். நாம பாக்கல. பாக்க முடியாதபடி நான் பண்ணிட்டேன். ட்யூப்லைட்டுக்கு மஞ்ச உறை போட்டேனே, ஞாபகம் இருக்கா? எங்க பிளேட் ரூம்ல போடறது. அந்த வெளிச்சத்துல மஞ்சள் தெரியாது. சுத்தமாத் தெரியாது. ஒரு தாளைக்கூட அதுல வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டினவன் நான். என் பொண்ணை மூணு நாள் அதுல வெச்சுப் பாத்தேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்தக் கத்தி இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. பதினாறு வருடமாக அந்த அறைக்குள் போய் வருகிறேன். அந்த உறையை வெட்டியவன் நான். அந்தக் குழந்தையை அந்த வெளிச்சத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மடியில் வைத்துக் கொஞ்சியவன் நான். ஒன்றையும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இல்லை, தோன்றாமல் பார்த்துக்கொண்டேனோ என்னவோ, அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அந்த உறையை நான் திரும்பி வந்து பாக்கலியே. எப்பக் கழட்டினீங்க?"

"பெரியவளுக்கு ரத்தம் மாத்தின அன்னிக்கு. துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். லைட்டப் போட்டேன். கதவைத் திறந்து வெச்சு, வெளிய போய் உள்ள வந்து பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. கழட்டி ரெண்டு தெரு தள்ளிக் குப்பையில போட்டேன்."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பக்கத்து வீட்டம்மா என் மூஞ்சிக்கு நேரா உன் பால் ஆகாதுன்னு சொன்னாளே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுகிட்ட."

"கேட்டுதா?"

"கேட்டுது."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன். எனக்கே அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நெஞ்சில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் ஜுரத்தில் கிடந்தபோது இவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமா?"

"வெட்டிக் குடுத்தது நான்தான் அக்கா. ஆனா இப்பத்தான்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. திரைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சிஸ்டர், பிள்ளையக் கொண்டு வாங்க." பிறகு மாமாவிடம், "நீங்க வெளிய போங்க" என்றாள்.

கண்டக்டர் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை, உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து எழுப்பினார்கள். "வாயை நல்லாத் திறக்கட்டும், அவசரப்படாதீங்க, ஆங், இப்ப" என்று கண்டக்டர் அதட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பொம்பளை முதல் தடவையாக யாரையும் நகரச் சொல்லாமல் அங்கேயே நின்றாள். அக்கா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் பதினெட்டு. ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இருபதைத் தொடவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை லைட்டிலிருந்து வெளியே எடுத்து, பால் கொடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்கள். அடுத்த நாள் காலை பதினாறு. மதியம் பதினாலு. டயப்பர் டயப்பராக நனைத்துத் தள்ளினான். ஒவ்வொன்றையும் கண்டக்டர் விரித்துப் பார்த்து நிறத்தைச் சத்தமாகச் சொன்னாள், வார்டே கேட்டது.

மாமா அந்த இரண்டு நாளும் தாழ்வாரத்து பெஞ்சில்தான் இருந்தார். அக்கா உள்ளே கூப்பிடவில்லை. நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைப்பேன், பிரிக்காமலே இருக்கும். யார் கண்ணையும் அவர் இழுத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் பெரியவளைத் தம்பியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை என் வீட்டில்தான் இருந்தாள். அவளை உள்ளே அழைத்துப் போகும் முன் அக்கா வெளியே வந்தாள். இரண்டு நாள் கழித்து மாமாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது.

"இவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்களுக்கு வக்காலத்து வாங்கின மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பெரியவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சைகை மொழி கொஞ்சம்தான் தெரியும். சாப்பிடு, தூங்கு, பள்ளிக்கூடம், வேண்டாம், இந்த மாதிரி வீட்டுப் பேச்சு. ஆனால் மாமா அன்றைக்கு அவ்வளவு மெதுவாகக் கையை அசைத்தார், எனக்கே பெரும்பாலும் புரிந்தது. நீ குட்டியாக இருந்தாய். லைட். மஞ்சள். அப்பாவால் பார்க்க முடியவில்லை. அப்பா தப்பு. காது என்று தொட்டுக் காட்டும்போது விரல் காதிலேயே நின்றுவிட்டது. அம்மா தப்பு இல்லை என்பதை மூன்று தடவை சொன்னார்.

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். அழுவாள், எழுந்து ஓடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள். பிறகு கை வேகமாக ஓடியது. எனக்குப் பிடிபடவில்லை. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார், அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன். இரண்டு நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது அதுதான்.

"உன் அக்கா தெனமும் காலையில இவளுக்குத் தலை பின்னும்போது பின்னாடி நின்னு என்னை மன்னிச்சிரு, என்னை மன்னிச்சிருன்னு சொல்லுவாளாம். இவளுக்குக் காது கேக்காதுன்னு சத்தமா வாய்விட்டே சொல்லுவாளாம். இவ கண்ணாடியில வாயைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. எதுக்கு மன்னிப்புக் கேக்கறாங்கன்னு தெரியாதாம். தன்னைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு எங்கயாவது போயிடப் போறாங்க, அதுக்குத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சாளாம்."

"எத்தனை நாளா?"

"வாயசைவைப் பாத்துப் பேச்சைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சதிலேர்ந்து."

பெரியவள் மாமாவின் கையைத் தட்டினாள். கடைசியாகக் கேட்ட ஒன்றை மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை மெதுவாகக் கேட்டாள், எனக்கும் புரிந்தது. அப்படியென்றால் அம்மா என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாங்க இல்லையா என்று கேட்டாள்.

மாமாவின் கைகள் மடியில் கிடந்தன. தூக்கிப் பார்த்தார், மறுபடி விழுந்தன. அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் மாட்டாங்க என்பதும் ஒன்று. அதை நான் சொன்னேன்.